எப்ப கதைப்பார்?

பேச்சுப் பயிற்சி கொடுப்பவருக்கு இரண்டு வேலை. பாரிசவாதம் வந்து பேச்சுப் போனவரைக் கதைக்க வைப்பது ஒன்று. பேச்சுப் போகாத அவருடைய உறவினர்களுக்குப் பதில் சொல்வது மற்றது. முதலாவது சுகமான வேலை.

உறவினர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்ப கதைப்பார்?" கட்டிலைச் சுற்றி நின்று கேட்பார்கள். ஆஸ்பத்திரி வாசலில் என் சைக்கிளின் ஹான்டிலைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். நல்லூரில் சாமி வெளிவீதி சுற்றும்போது கும்பிட்ட கையைக் கீழே விடாமலே பக்கத்தில் வந்து கேட்பார்கள். எனக்கு விடை தெரியாது. மூளையில் எந்த இடம் பழுது, ஆளுக்கு என்ன வயது, நாங்கள் சொல்வது அவருக்கு விளங்குகிறதா, முதல் கிழமைகளில் எவ்வளவு தேறினார் என்பதையெல்லாம் வைத்துக் கொஞ்சம் ஊகிக்கலாம். மூளையைப் படம் பிடிக்கிற மெஷின் கொழும்பில் இருந்தது. நாங்கள் யுத்தத்தில் அகப்பட்டு, கரண்டும் இல்லாமல், ஒழுங்கான பாதையும் இல்லாமல் யாழ்ப்பாணத்தில் இருந்தோம். ஊகம் ஒன்றுதான் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது.

ஆகவே, மழை எப்போது வரும் என்று கேட்கப்படுகிறவர்களே, சோதனை மறுமொழி எப்போது வரும் என்று கேட்கப்படுகிற ஆசிரியர்களே, பஸ் எப்போது வரும் என்று கேட்கப்படுகிற தரிப்பிடத்துக் கடைக்காரர்களே, நீங்கள் எல்லோரும் என் இனம். என் பாடு உங்களுக்கு விளங்கும்.

மேற்பிரிவு

சென்னையில் படிப்பை முடித்துத் திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரியில் எனக்கு ஓர் அறையும், அதன் கதவில் ஒரு பலகையும் தந்தார்கள். பலகையில் 'பேச்சுப் பயிற்சி' என்று வடிவான எழுத்தில் எழுதியிருந்தது. அதுதான் பிழையாய்ப் போயிற்று. பேச்சுக்கு வைத்தியம் என்று ஒன்று இருப்பது ஊரில் அநேகம் பேருக்குத் தெரியாது. பேச்சுப் போட்டி என்று ஒன்று, கீழ்ப்பிரிவு, மத்தியபிரிவு, மேற்பிரிவு என்று வயதுக்குத் தக்கபடி நடப்பது எல்லோருக்கும் தெரியும்.

முதல் கிழமையே நல்லூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகளுக்குக் கணக்குக்கு ரியூசன் இருக்கிறதாம், இங்கிலீசுக்கு இருக்கிறதாம், பேச்சுக்குத்தான் நல்ல ஆள் அகப்படவில்லையாம். இது நோயாளிகளுக்கான இடம் என்று சொன்னேன். இடம் இல்லை என்பதை மரியாதையாகச் சொல்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். என் தோளுக்கு மேலால் அறைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே நீள வாங்கில் என் ஆட்கள் வரிசையாக இருந்தார்கள். ஒரு கை மடியில் கிடக்க, மற்றக் கையால் ஊன்றுதடியைப் பிடித்தபடி, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே "ஆ... ஈ... ஊ..." என்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் தலை நரைத்திருந்தது. அந்த அம்மா கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப இவையள் மேற்பிரிவோ, மிஸ்?"

நாற்காலி

படங்கள் வரைந்த ஒரு கட்டு மட்டைகளைச் சென்னையிலிருந்து கொண்டுவந்திருந்தேன். ஒவ்வொரு மட்டையையும் காட்டி "இது என்ன?" என்று கேட்க வேண்டும். சரியான விடை பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும். படிக்கப் போன புதிதில் அந்த மட்டைகளால் நான் பட்ட பாடு பெரும்பாடு. நாற்காலிப் படத்தைப் பார்த்து "கதிரை" என்றேன். துண்டைப் பார்த்து "துவாய்" என்றேன். கடப்பாரையைப் பார்த்து "அலவாங்கு" என்றேன். படிப்பித்த அம்மா சிரிக்கவே இல்லை. வகுப்பைப் பார்த்து, "மொழியில இல்லாத வார்த்தையைப் புதுசா உண்டாக்கிச் சொல்றது எந்த வகைக் கோளாறு?" என்று கேட்டார். எல்லோரும் சரியான விடை எழுதினார்கள். நானும் எழுதினேன். அந்த அவமானத்தில் கதிரையை மறந்து நாற்காலிக்குப் பழகினேன்.

பழகியது இங்கே வந்து வினையாயிற்று. முதலாவது நோயாளி ஓய்வுபெற்ற றெயில் கார்ட். சொல் வராது, ஆனால் சொல்வதெல்லாம் விளங்கும் என்று மனைவி சொன்னார். சோதித்துப் பார்க்கலாம் என்று நாலைந்து மட்டைகளைப் பரப்பி, "நாற்காலியைக் காட்டுங்க பார்ப்போம்" என்றேன். அவர் மட்டைகளைப் பார்க்கவில்லை. என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். மறுபடியும், "காட்டுங்க ஐயா, நாற்காலி" என்றேன். மறுபடியும் என்னைத்தான் பார்த்தார். கிரகிப்பும் போய்விட்டது போலிருக்கிறது, கஷ்டமான ஆள்தான் என்று என் மனம் அவருடைய எதிர்காலத்தை எழுதத் தொடங்கிவிட்டது. அதற்குள் மனைவி குறுக்கிட்டார்.

"அவருக்கு விளங்கேல்லை எண்டு நினையாதேங்கோ, மிஸ். நீங்கள் எந்த ஊராக்கும் எண்டு யோசிக்கிறார்."

மாதாவோடை கதைக்கிறவ

குருநகரிலிருந்து வந்த திரேசம்மாவுக்குத் தண்ணீர் கேட்கத் தெரியவில்லை. கணவர் சவிரிமுத்துவின் பெயர் தெரியவில்லை. ஆனால் மங்கள வார்த்தைச் செபத்தின் முதல் சொல்லை யாராவது எடுத்துக் கொடுத்தால் போதும், கடைசிச் சொல் வரைக்கும் தங்கு தடையில்லாமல் ஓடிவிடுவார். வலைக்காரர் குடும்பம் முழுவதும் கட்டிலைச் சுற்றி நின்று அழுதது. பேச்சு வந்துவிட்டது என்று மாதா கோயிலுக்கு மெழுகுதிரியும் கொண்டுபோய்விட்டார்கள்.

இதில் இருக்கிற புதினத்தை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது. செபம், தேவாரம், ஒன்று இரண்டு மூன்று, கெட்ட வார்த்தை எல்லாம் நாக்குக்குத் தடம் பதிந்த விஷயங்கள். இவை தப்பிப் பிழைத்துவிடும். புதிதாக யோசித்துச் சொல்ல வேண்டிய "கொஞ்சம் தண்ணி தாங்கோ" பிழைக்காது. செபம் வந்ததை வைத்துப் பேச்சு வரும் என்று நம்பிவிடக் கூடாது என்பதை என்னால் இயன்ற மட்டும் மெதுவாகச் சவிரிமுத்துவுக்கு விளங்கப்படுத்தினேன். இடி விழுந்த மாதிரி இருப்பார் என்று பயந்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். அவருக்கு அதில் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை.

"மாதாவோடை வடிவாக் கதைப்பா, என்னோடை எண்டாத்தான் வாய் வராது. கலியாணம் முடிச்ச நாளிலை இருந்து உப்பிடித்தான், மிஸ்."

ஒட்டின சொல்

இனிச் சொல்லப்போகும் ஆள்தான் என்னை உண்மையில் ஆட்டிப் படைத்தவர். கோப்பாய்த் தம்பையர், தோட்டக்காரர். வெங்காயமும் புகையிலையும் செய்தவர். தொண்டை பெரிது. அவருக்கு இறைப்பு மெஷின் தேவையில்லை, கிணற்றைப் பார்த்து ஏசினாலே தண்ணீர் மேலே வரும் என்று அயலுக்குள் பகிடி சொல்வார்கள். ஒருநாள் காலை வாய்க்கால் கட்டப் போனவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரம்பில் இருந்துவிட்டார். வலக் கை, வலக் கால், பேச்சு மூன்றும் ஒன்றாகப் போயிருந்தன. கால் ஓரளவு தேறியதும் வீட்டுக்கு விட்டார்கள். கிழமைக்கு ஒரு தடவை நான் சைக்கிளில் கோப்பாய்க்குப் போவேன்.

அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே சொல்: 'உது'. கோப்பையைக் காட்டினால் உது. சீப்பைக் காட்டினால் உது. பூட்டுத் திறப்பைக் காட்டினாலும் உதுதான். பொருளில்லாமல் ஒரே சொல்லைத் திருப்பிச் சொல்கிறார் என்று டொக்டர் சொல்லியனுப்பியிருந்தார். அப்படி ஒரு சொல் நாக்கில் வந்து ஒட்டிக்கொள்வது இந்த நோயில் உண்டு. ஒட்டினால் லேசில் கழலாது என்றும், அது நல்ல அறிகுறி அல்ல என்றும்தான் நானும் படித்திருந்தேன்.

அவருடைய மனைவி பூமணியம்மா ஒன்றும் கேட்கமாட்டார். கேட்டவள் மகள் யோகா. அவளுக்குக் கனடாவில் மாப்பிள்ளை பேசி முற்றாகியிருந்தது. கடல்நீரேரியைப் படகில் கடந்து, கொழும்புக்குப் போய், அங்கேயிருந்து பிளேன் ஏற வேண்டும். பாதை எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று ஒருவருக்கும் தெரியாத காலம். இந்தப் பயணம் தவறினால் சம்பந்தமும் தவறிவிடும் என்று மாப்பிள்ளை பகுதி சொல்லிவிட்டது. அன்றைக்கு நான் வெளிக்கிடும்போது அவள் வேலிப் படலை வரை வந்து என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ. அப்பா கதைப்பார் எண்டால் நான் போறன். கதைக்கமாட்டார் எண்டால் நான் போகேல்லை, இஞ்சை நிண்டு அவருக்கு வாயா இருக்கப்போறன். ரெண்டிலை எது எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும்."

வாடி

நான் பதில் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்த அந்த நாட்களில் இணுவிலிலிருந்து செல்லையர் வந்தார். தெற்கே ஒரு சிங்கள ஊரில் கனகாலம் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தது, உடுத்த உடுப்போடு கப்பலேறி ஊருக்கு வந்து சேர்ந்தார். பாரிசவாதம் வந்த பிறகு அவர் வாயில் இரண்டு சொல் இருந்தன: 'என்ன', 'வாடி'. யாரைக் கண்டாலும் "என்ன? என்ன?" என்பார். வீட்டார் பாவம், ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று விளங்கப்படுத்திக் களைத்தார்கள். 'வாடி'தான் பெரிய சங்கடம். கட்டின நாளிலிருந்து தன்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிடாத மனுசன் என்று மனைவி வெட்கப்பட்டார். என்னையும் முதல் நாளே "வாடி" என்றார். நேர்ஸ்மார் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

ஒருநாள் அவரோடு கடையில் நின்ற பழைய ஆள் ஒருவர் பார்க்க வந்தார். செல்லையர் அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து, "என்ன, என்ன, வாடி" என்றார். வந்தவர் சிரிக்கவில்லை. சொன்னபடி கேட்டு, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பிறகு எங்களைப் பார்த்து, அது தமிழ் இல்லை என்றார். சிங்களத்தில் 'என்ன' என்றால் வாங்கோ. 'வாடிவென்ன' என்றால் இருங்கோ. கடைக்கு வருகிறவர்களை அவர் நாள் முழுக்க அழைத்த சொற்கள். இரண்டு மொழி தெரிந்தவருக்கு எது முதலில் திரும்பி வரும் என்று நான் படித்த புத்தகங்கள் ஆளுக்கொன்று சொல்லும். எதை நம்பினாலும், கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சொற்கள் தமிழாகவே கேட்டதை நினைத்து வெட்கமாக இருந்தது. ஊரை விட்டு ஒருநாளும் தெற்கே போயிராத செல்லையரின் மனைவி அவர் தோளில் கிடந்த சால்வையைச் சரிசெய்துவிட்டார்.

"கடையையும் எரிச்சுப்போட்டாங்கள். இந்த மனுசன் இன்னும் வாங்கோ, இருங்கோ எண்டு கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்."

கோப்பை

அடுத்த முறை கோப்பாய்க்குப் போனபோது என் காதில் எனக்கே நம்பிக்கை இல்லை. செல்லையர் விஷயத்தில் பிழை சொன்னவரிடம் இல்லை, கேட்டவரிடம் இருந்தது. இங்கேயும் அப்படி இருக்குமோ என்று மனதில் ஒரு குடைச்சல். வழமைபோல் தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்து, "இது என்ன?" என்றேன். தம்பையர் வழமைபோல், "உது" என்றார். அந்த நேரம் பார்த்து என் கொண்டை ஊசி கழன்று விழுந்தது. கோப்பையை அவருடைய இடக் கைக்குப் பக்கத்தில் கட்டிலில் வைத்துவிட்டுக் குனிந்து ஊசியைத் தேடினேன். தலைக்கு மேலே அவருடைய குரல் கேட்டது: "இது."

ஊசியை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். பிறகு கோப்பையைக் கொண்டுபோய் எட்ட இருந்த யன்னலில் வைத்தேன். "அது" என்றார். எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன். "உது." கட்டிலில் வைத்தேன். "இது."

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு வரி. எனக்குக் கிட்ட இருப்பது இது. இருவருக்கும் எட்ட இருப்பது அது. கேட்டுக்கொண்டிருக்கிற உங்கள் பக்கம் இருப்பது உது. சென்னைப் பேச்சில் அந்தச் சொல் செத்துவிட்டது, ஆங்கிலத்தில் பிறக்கவே இல்லை. அதனால் என் புத்தகத்திலும் அதற்கு இடமில்லை, டொக்டரின் குறிப்பிலும் இடமில்லை. இவ்வளவு நாளும் டொக்டரும் நேர்ஸ்மாரும் நானும் எல்லாச் சாமான்களையும் எங்கள் கையில் பிடித்துக்கொண்டுதான் "இது என்ன?" என்று கேட்டோம். எங்கள் கையில் இருப்பதை ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் வேறு எப்படிச் சொல்வார்? சாமானின் பெயர் வராத இடத்தில், சாமான் இருக்கிற இடத்தைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஒட்டின சொல் என்று நாங்கள் எழுதிவைத்தது, தெரிந்தெடுத்துச் சொன்ன சொல்.

எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கோப்பையை அலுமாரிக்கு மேலே வைத்தேன், என் மடியில் வைத்தேன், அவர் மடியில் வைத்தேன், படியில் கொண்டுபோய் வைத்தேன். மனிதர் ஒன்றுகூடப் பிழைவிடவில்லை, ஆனால் குரல் வரவர உரத்தது. முகமும் சிவந்தது. குசினிக்குள்ளிருந்து பூமணியம்மா வெளியே வந்தார்.

"பிள்ளை, அந்த மனுசன் தேத்தண்ணி கேக்குது. நீங்கள் என்னடா எண்டால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடித் திரியிறியள்."

சகபாடி

டொக்டரிடம் சொன்னேன். அவரும் யாழ்ப்பாணத்தவர்தான். முதலில் தலையில் கையை வைத்தார், பிறகு ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த நோயாளிகள் எல்லோரிடமும் வெப்பமானியைக் கிட்டவும் எட்டவும் பிடித்துக் கேட்கத் தொடங்கினார். எனக்கு அவ்வளவு சந்தோஷப்பட முடியவில்லை. மூன்று சுட்டுச் சொற்களைப் பிரித்துச் சொல்கிறவருக்குப் பேச்சு வரும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியில்லை. வரும் என்று என் மனம் சொன்னது. மனம் சொன்னதை நம்பி ஒரு பெண்பிள்ளையைப் படகில் ஏற்றுவதா? எனக்குப் பயமாக இருந்தது.

இந்தக் குழப்பத்தில் இருந்தபோது, பூமணியம்மா கூப்பிட்டு அயலிலிருந்த சாத்திரியார் தம்பையரின் சாதகத்தோடு வந்தார். அவரும் நானும் ஒரே வீட்டில், ஒரே கேள்விக்கு, ஒரே நேரத்தில் விடை தேடிக்கொண்டிருந்தோம். அவர் கட்டங்களைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். கால் கழுவப் போகிறேன் என்று கிணற்றடிக்குப் போனவர் அங்கேயிருந்து என்னைக் கண்ணால் கூப்பிட்டார். நான் போனதும் சுற்றிலும் பார்த்துவிட்டு, "பிள்ளை, நீர் என்ன சொன்னனீர்?" என்று கேட்டார். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவருடைய முகம் தெளிந்தது.

"நல்லதாப் போச்சு, நானும் சொல்லேல்லை. முதல் நீர் சொல்லும், அதைக் கேட்டு நான் சொல்லுறன். ரெண்டு பேரும் ரெண்டு விதமாச் சொன்னால் சனம் பேந்து ஆரை நம்பும்?"

பேர்

கோப்பை விளையாட்டு ஆள் விளையாட்டாக மாறியது யோகாவால்தான். தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து இருப்பாள், அவர் "இவள்" என்பார். என் கதிரைக்குப் பின்னால் வந்து ஒளிப்பாள், "உவள்" என்பார். கிணற்றடிக்கு ஓடிப்போய்க் கையைத் தட்டுவாள், "அவள்" என்பார். சொல்லிவிட்டு வாயின் ஒரு பக்கத்தால் சிரிப்பார். வாழைக்கன்று நட்ட மாதிரி ஒரே இடத்தில் இருந்த மனிதர் சிரித்ததைக் கண்டு பூமணியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்குத்தான் சொன்னேன். படலையில் அவள் என் சைக்கிளைப் பிடிக்க முதலே நானே நின்று சொன்னேன். "உங்கடை அப்பா கதைப்பார். முந்தி மாதிரிக் கதைப்பார் எண்டு சொல்லமாட்டன். எப்ப எண்டும் சொல்லமாட்டன். ஆனால் கதைப்பார்." அவள் சைக்கிள் ஹான்டிலில் கையை வைத்தாள். "என்ரை பேரைச் சொல்லுவாரோ?" என்று கேட்டாள். இதற்குப் பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. பெயர்கள்தான் கடைசியாக வரும், சில பேருக்கு வராமலும் போகும் என்று உள்ளதைச் சொன்னேன். அவள் விளங்கினது போலத் தலையாட்டினாள். அழவில்லை.

"அப்ப நான் போன பிறகுதான் என்ரை பேர் வரும்."

படம்

யோகா போனதைத் தம்பையருக்குச் சொல்லவில்லை. பேச முடியாதவருக்கு விளங்கவும் விளங்காது என்று வீட்டார் நினைப்பதை உங்களில் நோயாளியை வைத்துப் பார்த்தவர்கள் அறிவீர்கள். இணுவிலில் பெரியம்மாவுக்குச் சுகமில்லை, யோகா துணைக்குப் போய் நிற்கிறாள் என்று பூமணியம்மா அவரிடம் சொல்லியிருந்தார். எனக்கும் கண்ணைக் காட்டினார். நானும் ஓம் ஓம், இணுவில்தான் என்றேன்.

பயிற்சிக்கு யோகா இல்லை. சரி, படத்தை வைத்துச் செய்வோம் என்று சுவரில் இருந்த அவளுடைய படத்தைக் கழற்றித் தம்பையரின் இடக் கையில் கொடுத்தேன். கையில் இருப்பதால் 'இவள்' என்று வர வேண்டும். அவர் கனநேரம் படத்தைப் பார்த்தார். பிறகு, "அவள்" என்றார். இதுவரை ஒன்றும் பிழைவிடாத ஆள் இன்றைக்குப் பிழைவிடுகிறாரே என்று, "ஐயா, உங்கடை கையிலைதானே இருக்கு, இவள் எண்டெல்லோ சொல்ல வேணும்?" என்று திருத்தினேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். படத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்தக் கையையே தூக்கிக் காட்டினார். இணுவில் இருக்கிற மேற்குப் பக்கம் காட்டவில்லை. தெற்காலே, படகு போகிற கடல்நீரேரிப் பக்கம் காட்டினார். "அவள்" என்று இன்னொரு தரம் சொன்னார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற நான் வாயைத் திறந்தபடி நின்றேன். பூமணியம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

"நான் இவருக்கு மறைச்சனான் எண்டெல்லோ நினைச்சன். இவரெல்லோ தனக்குத் தெரியும் எண்டதை எனக்கு மறைச்சிருக்கிறார்."

கசெட்

யோகா கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அங்கேயிருந்து வந்த ஒருவரிடம் ஒரு வெறும் கசெட்டைக் கொடுத்துவிட்டிருந்தாள். அப்பாவின் குரலைப் பிடித்து அனுப்ப வேண்டுமாம். அதற்குள் தம்பையருக்குச் சில சொற்கள் வந்திருந்தன. தேத்தண்ணி, மாடு, போ, விசர், வேண்டாம். இரண்டை ஒன்றாகச் சேர்த்தும் சொல்லுவார். பெயர் ஒன்றுமே வரவில்லை. சொந்த மனைவியின் பெயரும் வரவில்லை, மகளின் பெயரும் வரவில்லை. வரும் என்று நான் சொல்லவில்லைத்தான். ஆனால் அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் அவள் கசெட் அனுப்பினாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பற்றரி இல்லாத காலம். அயல்வீட்டுக் கந்தசாமி தன் சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயரை இழுத்து ரேப் றெக்கோடரில் கொளுவி, பெடலைக் கையால் சுற்றினார். றெக்கோடரை நான் மடியில் வைத்துக்கொண்டேன். பூமணியம்மா தம்பையரின் காதுக்குள், "யோ... யோ... சொல்லுங்கோவன், யோ..." என்று எடுத்துக் கொடுத்தார். அவர் வாயைக் குவித்தார். காற்றுத்தான் வந்தது. இன்னொரு தரம் முயன்றார். நெற்றியில் வேர்த்தது. கந்தசாமி, "ஐயா, கெதியாச் சொல்லுங்கோ, கை விடப்போகுது" என்று கத்தினார். நான் போதும், விடுவோம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் ஊகத்தை நம்பிக் கடல் கடந்து போனவளுக்கு வெறும் சைக்கிள் சத்தத்தை அனுப்பப்போகிறோமே என்று என் கை றெக்கோடரின் பொத்தானுக்குப் போயிற்று.

தம்பையர் மனைவியின் கையைத் தட்டிவிட்டார். றெக்கோடரை நோக்கிக் குனிந்தார். பெயரை விட்டுவிட்டார். பழைய தோட்டத்துக் குரலில், தெளிவாக, "நீ... சாப்பிட்டியோ?" என்றார்.

இவள், உவள், அவள் எல்லாம் கடந்து, 'நீ' என்று ஒரு சொல்லில் மகளைக் கிட்டக் கொண்டுவந்துவிட்டார். காதை றெக்கோடர் பக்கம் சாய்த்து, மறுமொழிக்குக் காத்திருந்தார். சில்லுச் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். கடைசியில் பொறுமை போய், என் மடியில் இருந்ததைக் காட்டி, என்னைப் பார்த்து ஒரு முழு வசனத்தை முறைப்பாடாகச் சொன்னார்.

"உது கதைக்குதில்லை."

இந்தத் தொழிலில் இருந்த காலமெல்லாம் 'எப்ப கதைக்கும்?' என்று கேட்கிற முகத்தோடு என்னைப் பார்க்காத ஒரே மனிதர் தம்பையர்தான் என்று நினைத்திருந்தேன், அன்றைக்கு அவரும் பார்த்துவிட்டார்.